ஹைட்ரஜன் ஏராளமாக இருந்தும் சில கேலக்ஸிகளில் நட்சத்திரங்கள் மெதுவாகப் பிறப்பது ஏன்?

ஹைட்ரஜன் இருந்தால் மட்டும் போதாது, அது குளிர்ந்து அடர்த்தியாக வேண்டும். கேலக்ஸிகளில் பரவிக் கிடக்கும் அணு ஹைட்ரஜனின் ஒரு பகுதி சுமார் 8,000 கெல்வின் (0 கெல்வின் என்பது −273° செல்சியஸ்) சூட்டில் இருக்கும். குளிர்ந்த பகுதி 100 கெல்வினை ஒட்டி. நட்சத்திரம் பிறப்பதோ 10–20 கெல்வினில் குளிர்ந்து கிடக்கும் மூலக்கூறு மேகங்களில். இரண்டு அணுக்கள் இணைந்து மூலக்கூறாவது பெரும்பாலும் தூசித் துகள்களின் மேல்தான். தூசி குறைந்த குள்ளக் கேலக்ஸிகள் தடுமாறுவது இங்கேதான்.

அடர்த்தி அடுத்த தடை. சதுர பார்செக்குக்கு (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு) சுமார் 10 சூரிய நிறையைத் தாண்டினால்தான் வாயு பெருமளவில் மூலக்கூறாகிறது. மாலின் 1 என்ற கேலக்ஸி இதற்கு அருமையான உதாரணம்: பல ஆயிரம் கோடி சூரிய நிறை ஹைட்ரஜன் அங்கே உண்டு, ஆனால் அது மிக அகன்ற வட்டில் மெலிந்து பரவியிருப்பதால் வட்டு மங்கலாகவே ஒளிர்கிறது.

மேகம் சுருங்கத் தொடங்கினாலும் அதில் சில சதவீதமே நட்சத்திரமாகும். பெரிய நட்சத்திரங்களின் புற ஊதாக் கதிரும் பின்னர் சூப்பர்நோவாக்களும் மிச்சத்தைச் சிதறடித்துவிடும். அந்த வாயு மறுபடி குளிர வேண்டும்.

வாயு நிறையை ஆண்டுதோறும் நட்சத்திரமாகும் நிறையால் வகுத்தால் கையிருப்பு எத்தனை காலம் தாங்கும் என்று தெரியும். அருகிலுள்ள சுருள் கேலக்ஸிகளில் மூலக்கூறு வாயுவுக்கு இது சுமார் 200 கோடி ஆண்டுகள். அணு வாயுவுக்கு இன்னும் அதிகம். இரண்டையும் குழப்பினால் கணக்கு தவறிவிடும்.

புனே அருகிலுள்ள ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கியால், 7,653 கேலக்ஸிகளின் அணு ஹைட்ரஜன் வெளியிடும் 21 செ.மீ. ரேடியோ சமிக்ஞையைக் கூட்டிப் பார்த்த ஆய்வு 2020இல் வெளியானது. அதன்படி, சுமார் 800 கோடி ஆண்டுகளுக்கு முன் அணு வாயுவின் கையிருப்பே 100–200 கோடி ஆண்டுகளுக்குத்தான் போதுமாக இருந்தது. வெளியிலிருந்து புது வாயு வருவது போதாமல் போனதே பின்னாளில் பிரபஞ்சத்தில் நட்சத்திரப் பிறப்பு சரிந்ததற்குக் காரணமாக இருக்கலாம்.