உப்புத்தண்ணீரைப் பூமிக்குள் ஏற்றினால் நிலம் நடுங்குமா?

கேள்வி: எங்கள் ஊர் மன்னார்குடி பக்கம். எண்ணெயோடு வரும் உப்புத்தண்ணீரைத் திரும்ப ஆழத்தில் ஏற்றப்போவதாகப் பேச்சு. நிலநடுக்கம் வருமா? போர்செட்டில் இறைப்பதும் ஆபத்தா?

பதில்: போர்செட்டை விட்டுவிடுங்கள். இறைத்தால் நீரழுத்தம் குறையும். அதனால் வரும் தொல்லை கடலோரத்தில் உப்பு ஏறுவது. கேட்க வேண்டியது ஏற்றும் தண்ணீரைப் பற்றித்தான்.

டெல்டாவின் வண்டலுக்கு வெகு கீழே அடிப்பாறை பிளவுபட்டு மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது. கும்பகோணம்–மாதானம் மேடு, நாகப்பட்டினம் பள்ளம் எல்லாம் அப்படி வந்தவை. பிளவின் இரு பக்கத்தையும் நகரவிடாமல் பிடித்திருப்பது உராய்வு. தண்ணீர் போனால் வழுக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள், காரணம் அதுவல்ல. பாறைத் துளைகளில் இருக்கும் நீர், பிளவை இறுக்கும் அழுத்தத்தில் ஒரு பங்கைத் தானே தாங்கிவிடுகிறது.

2 கி.மீ. ஆழத்தில் அந்த இறுக்கம் சதுர சென்டிமீட்டருக்கு 400 கிலோ என்று வையுங்கள். அங்கே நீரின் இயல்பான அழுத்தமே சுமார் 200. மிச்சம் 200, உராய்வுக் கெழு (இறுக்கத்தில் பிடிப்பாக மாறும் பங்கு) 0.6 என்றால் பிடிப்பு 120. ஏற்றுவதால் நீரழுத்தம் 50 கூடினால் பிடிப்பு 90-க்கு இறங்கும். பிளவில் ஏற்கெனவே 100 கிலோ தள்ளுவிசை இருந்தால் நழுவும். 60 என்றால் ஒன்றும் ஆகாது. பெரும்பாலான ஏற்றுக்கிணறுகள் சத்தமில்லாமல் ஓடுவது இதனால்தான்.

அமெரிக்காவின் டென்வர் அருகே 1962 முதல் ராணுவ ரசாயனக் கழிவுநீரைச் சுமார் 3.6 கி.மீ. ஆழத்துக்கு ஏற்றினார்கள். 1966 பிப்ரவரியில் நிறுத்தியும் பெரிய அதிர்வுகள் 1967-ல்தான் வந்தன. அழுத்தம் பாறைக்குள் மெதுவாகப் பரவும். ஆகவே, ‘மோட்டாரை நிறுத்திவிட்டோம்’ என்பது பதிலாகாது.

கருத்துக்கேட்பில் முதலில் கேளுங்கள்: எண்ணெய் எடுத்து அழுத்தம் இறங்கிய பழைய அடுக்கிலா ஏற்றுகிறார்கள், புதிய அடுக்கிலா? பழையது என்றால் தொடக்க அழுத்தத்தைத் தாண்டாதவரை ஆபத்து குறைவு. அடிப்பாறையை ஒட்டிய அடுக்கு என்றால் கவலைப்படலாம். தினம் எத்தனை கன மீட்டர் என்பதோடு விடாதீர்கள். கிணற்றடி அழுத்தம் எவ்வளவு என்றும் கேளுங்கள். கிணற்று வாயில் மீட்டர் பூஜ்யம் காட்டினாலும், உள்ளே நிற்கும் நீரின் எடையே 2 கி.மீ. ஆழத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோ வரும். நில அதிர்வுமானியை ஏற்றத் தொடங்கும் முன்பே வைக்க வேண்டும். பிறகு வைத்தால் ஒப்பிட எதுவும் இருக்காது.

நிலநடுக்கத்தைவிட நான் முதலில் பார்ப்பது கிணற்றின் இரும்புக் குழாயும் அதைச் சுற்றிய சிமெண்டும். அது விட்டுப்போனால் உப்புத்தண்ணீர் உங்கள் போர் அடுக்குக்கே வரும். கிணற்றில் ஒன்றுக்குள் ஒன்றாக இறக்கிய குழாய்களுக்கு இடையிலுள்ள அழுத்தப் பதிவைக் கேட்டு வாங்குங்கள். சுவர் விரிசலை மட்டும் சான்றாகக் காட்டாதீர்கள்; கோடையில் வயலை வெடிக்க வைக்கும் களிமண்ணே அதையும் செய்யும்.