புரொஜெக்டர் படம் வெளிறித் தெரிகிறதா? கேள்வியும் பதிலும்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் பள்ளி, மண்டபம், வீடு என்று புரொஜெக்டர் மாட்டிக் கொடுப்பது என் தொழில். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

செந்தூல், தமிழ்ப்பள்ளி ஆசிரியை: எங்கள் வகுப்பில் 3,300 லூமென் புரொஜெக்டர், 100 அங்குலத் திரை. விளக்கைப் போட்டால் படம் வெளிறிவிடுகிறது, அணைத்தால் பிள்ளைகளால் எழுத முடியவில்லை. 5,000 லூமென் வாங்கித் தரக் கேட்கலாமா, ஐயா?

கேட்கலாம் டீச்சர், ஆனால் முதலில் இந்தக் கணக்கைப் பாருங்கள். எந்தப் புரொஜெக்டராலும் கருப்பை வீச முடியாது. படத்தில் கருப்பு இருக்கும் இடத்தில் அது வெளிச்சம் அனுப்பாமல் இருக்கிறது, அவ்வளவுதான். அந்த இடத்தில் உங்கள் கண்ணுக்குப் படுவது அறை விளக்கு விழுந்த வெறும் வெள்ளைத் திரை.

100 அங்குல அகலத்திரையின் பரப்பு சுமார் 2.75 சதுர மீட்டர். லூமென் என்பது புரொஜெக்டர் வீசும் மொத்த வெளிச்சம், லக்ஸ் என்பது ஒரு சதுர மீட்டரில் விழும் வெளிச்சம். 3,300 லூமென் அதில் பரவினால் 1,200 லக்ஸ். டியூப் லைட்டிலிருந்து 100 லக்ஸ் திரையில் விழுகிறது என்று வையுங்கள். வெள்ளை 1,300, கருப்பு 100, ஆக வித்தியாசம் 13 மடங்கு. 5,000 லூமென் வாங்கி விளக்கை அப்படியே விட்டால் அது 19 மடங்காகும். இருக்கிற புரொஜெக்டரையே வைத்துக்கொண்டு, திரையில் விழும் விளக்கொளியை 10 லக்ஸுக்கு இறக்கினால் 121 மடங்கு! அட்டைப்பெட்டியில் இந்த வித்தியாசத்தை 15,000 மடங்கு என்று போட்டிருப்பது இருட்டறைக் கணக்கு, அதை மறந்துவிடுங்கள்.

அதனால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, திரைக்கு முன்னால் இருக்கும் முதல் வரிசை டியூப்களுக்கு மட்டும் தனி சுவிட்ச் போடச் சொல்லுங்கள். பிள்ளைகள் தலைக்கு மேல் இருப்பவை எரியட்டும். திரையை ஒட்டிய ஜன்னலுக்குக் கனத்த துணி போதும். அப்புறம் உங்கள் ஸ்லைடுகள். கருநீலத்தில் மஞ்சள் எழுத்து வீட்டுக் கணினியில் அழகாகத்தான் இருக்கும், வெளிச்ச அறையில் முதலில் மங்குவது அந்தப் பின்னணிதான். வெள்ளையில் கருப்பு எழுத்தாக மாற்றுங்கள். பல்பு பழசா என்றும் பாருங்கள். அட்டையில் சொன்ன ஆயுளை எட்டும்போது பல்பு பெரும்பாலும் பாதி வெளிச்சத்துக்கு வந்திருக்கும்.

பட்டர்வொர்த், உணவகக் கடைக்காரர்: அண்ணே, பந்தாட்டம் போடும்போது வெள்ளை ஜெர்சி ஓரத்தில் சிவப்பு, பச்சை, நீலம் மின்னுவதாகச் சிலர் சொல்கிறார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. படமும் வரவர மங்குகிறது.

அவர்கள் சொல்வதும் உண்மை, உங்களுக்குத் தெரியாததும் உண்மை, பாய். உங்களுடையது ஒற்றைச் சில்லு டிஎல்பி, அதாவது நுண்கண்ணாடிகள் பதித்த ஒரே சில்லால் படம் காட்டும் வகை. சுழலும் வண்ணச் சக்கரத்தின் வழியாக நிறங்களை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புகிறது, மூளை அவற்றைச் சேர்த்துக்கொள்கிறது. சில கண்கள் அந்த இடைவெளியைப் பிடித்துவிடும். இதற்கு செட்டிங்கில் மருந்து இல்லை. அடுத்த முறை மூன்று பேனல் எல்சிடி வாங்குங்கள், அதில் மூன்று நிறமும் ஒரே நேரத்தில் போகும்.

மங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் ரொட்டி சானாய் (பரோட்டா மாதிரி) சுடும் கல். அந்த எண்ணெய்ப்புகை தூசியோடு சேர்ந்து லென்ஸிலும் காற்று போகும் வாயிலும் பசை மாதிரி ஒட்டும். காற்று வாயை விரலால் தொட்டுப் பாருங்கள், பிசுபிசுக்கும். காற்று அடைத்தால் சூடு ஏறும், பல்பு சீக்கிரம் போகும். புரொஜெக்டரை அணைத்து, ஃபேன் நின்ற பிறகு, லென்ஸ் திரவம் தொட்ட மைக்ரோஃபைபர் துணியால் மெதுவாகத் துடையுங்கள். சட்டை நுனி வேண்டவே வேண்டாம். கையோடு அதைக் கல்லிலிருந்து தள்ளியும் மாட்டுங்கள். ஏழரை மணி ஆட்டத்துக்கு வானத்தில் இன்னும் வெளிச்சம் இருக்கலாம். திரையின் முதுகு சாலையைப் பார்க்கும்படி திருப்புங்கள், முதுகில் கருப்புப் பூச்சுள்ள திரையாக இருக்கட்டும்.

பிரிக்ஃபீல்ட்ஸ், ஓய்வு பெற்றவர்: தம்பி, இணையத்தில் ‘4கே, 9,000 லூமென்’ என்று போட்டிருந்ததை மலிவாக வாங்கினேன். செய்தி எழுத்துகள் கலங்கித் தெரிகின்றன.

ஐயா, ‘4கே ஆதரவு’ என்றால் 4கே (3840×2160 புள்ளி) படத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும், அவ்வளவே. வெளியே விடுவது 1280×720 புள்ளிகளாக இருக்கலாம். விவரத்தில் ‘நேட்டிவ் ரெசொல்யூஷன்’ (சில்லில் உண்மையில் உள்ள புள்ளிகள்) என்ற வரியைத் தேடுங்கள். லூமெனுக்குப் பக்கத்தில் ஆன்சி அல்லது ஐஎஸ்ஓ என்ற அளவீட்டுத் தரத்தின் பெயர் இல்லாவிட்டால் அந்த எண்ணை நான் மதிப்பதே இல்லை.

இன்னொன்று. கட்டில் பக்கத்து மேசையில் சாய்த்து வைத்திருக்கிறீர்களா? கோணலான படத்தைச் சதுரமாக்கும் ஆட்டோ கீஸ்டோன் வசதிதான், ஆனால் அது சில்லின் புள்ளிகளில் ஒரு பகுதியை வெட்டி, மிச்சத்தில் படத்தை நசுக்கி உட்கார வைக்கிறது. எழுத்து அங்கேதான் கலங்குகிறது. திரைக்கு நேராக வைத்து, கீஸ்டோனைப் பூஜ்ஜியமாக்கி, அதன்பின் ஃபோகஸ் செய்யுங்கள். அப்படியும் மூலை மட்டும் கலங்கினால் லென்ஸே அவ்வளவுதான்.

பங்சார், மாணவர்: லேப்டாப்பை மாட்டினால் மட்டும் கருப்பு சாம்பலாகிறது.

லேப்டாப்பிலும் புரொஜெக்டரிலும் ஆர்ஜிபி ரேஞ்ச், அதாவது கருப்பு முதல் வெள்ளை வரை எண்ணும் வீச்சு, ஒன்றாக இல்லை. இரண்டிலும் ‘ஃபுல்’ அல்லது இரண்டிலும் ‘லிமிடெட்’ வையுங்கள், சரியாகிவிடும்.

ஜார்ஜ்டவுன், அச்சகம் நடத்தும் அக்கா: படம் முழுக்க நட்சத்திரம் மாதிரி வெள்ளைப் புள்ளிகள். லென்ஸைத் துடைத்தும் போகவில்லை.

டிஎல்பி சில்லில் ஒரு புள்ளிக்கு ஒரு நுண்கண்ணாடி உண்டு. அவை சாய்ந்த நிலையில் சிக்கிக்கொண்டால் இப்படித்தான், அக்கா. துடைத்துப் போகாது, சில்லையே மாற்ற வேண்டும். பழைய புரொஜெக்டர் என்றால் அந்தச் செலவு வேண்டாம்.

ஜாலான் ஈப்போ, கோயில் மண்டபப் பொறுப்பாளர்: 20 மீட்டர் எச்டிஎம்ஐ கேபிள் இழுத்தோம். கல்யாணப் படம் ஓடும்போது பொறிப்பொறியாக வருகிறது, சில நேரம் திரையே இருண்டுவிடுகிறது.

சாதாரணச் செம்புக் கம்பி அந்தத் தூரத்துக்குத் தாங்காது. ஃபைபர் ஆப்டிக் எச்டிஎம்ஐ வாங்குங்கள். அதற்குத் திசை உண்டு. ஒரு முனையில் ‘சோர்ஸ்’, மறுமுனையில் ‘டிஸ்ப்ளே’ என்று எழுதியிருக்கும், மாற்றிச் செருகினால் படமே வராது. கூரைக்குள் இழுப்பதற்கு முன் தரையில் விரித்து, இரண்டு முனையையும் செருகி ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.