வாசகர் கேள்வி பதில்: கட்டணம் பெட்டிக்கா, வீட்டுக்கா?

கேள்வி: லண்டனில் மகன் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தேன். அங்கே தொலைக்காட்சிப் பெட்டியே இல்லை, எல்லாம் கைப்பேசியில்தான். ஆனாலும் பிபிசிக்காக ஆண்டுதோறும் பணம் கட்டுகிறான். இணையச் சேவை விரிந்துவரும் இக்காலத்தில், வேண்டியவர் மட்டும் சந்தா கட்டினால் போதாதா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: பிபிசியின் இணையக் காணொளிச் சேவையான ஐபிளேயரில் நிகழ்ச்சி பார்ப்பவர்களும் தொலைக்காட்சி உரிமம் பெற வேண்டும் என்பது 2016 செப்டம்பர் முதல் அங்குள்ள சட்டம். 2025 ஏப்ரலில் அந்த உரிமத்தின் ஆண்டுக் கட்டணம் 174.50 பவுண்டாக உயர்ந்தது. ஆனால் ஐபிளேயரைத் திறந்தால் உரிமம் இருக்கிறதா என்று ஒரு கேள்வி வரும். 'ஆம்' என்று தொட்டால் படம் ஓடத் தொடங்கிவிடும். உங்கள் மகனைப் போன்ற நேர்மையானவர்களே சுமையைத் தாங்குகிறார்கள் என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

நம் நாட்டிலும் வானொலிப் பெட்டிக்கு உரிமம் பெற்று, தபால் நிலையத்தில் பணம் கட்டி, சிறு புத்தகத்தில் வில்லை ஒட்டி வாங்கிய காலம் உண்டு. பெட்டியைக் கணக்கில் வைத்து வசூலிக்கும் அந்த முறை கைப்பேசிக் காலத்துக்குப் பொருந்தாது.

அதற்காகச் சந்தாவை நான் ஏற்க மாட்டேன். சந்தாவை நம்பும் நிறுவனம், பணம் கட்டுபவர் விரும்புவதையே பெருக்கும். வேல்ஸ் மொழி, ஸ்காட்லாந்தின் கேலிக் மொழி நிகழ்ச்சிகளும் சிறுவர் நிகழ்ச்சிகளும் முதலில் மெலியும். செய்திக்கும் பூட்டுப் போட்டால், கட்ட இயலாதவருக்கு வதந்திதான் மிஞ்சும். உரிமக் கட்டணம் கட்டாத அமெரிக்க வாசகர்களிடம் 2025 முதல் பிபிசி இணையச் சந்தா கேட்பது வேறு, அது நியாயமே. அரசின் ஆண்டு நிதி ஒதுக்கீட்டை மட்டும் நம்புவதும் ஆபத்து. அரசைக் கேள்வி கேட்க வேண்டிய நிறுவனம் ஆண்டுதோறும் அதன் வாசலில் நிற்கக் கூடாது.

ஜெர்மனியில் 2013 முதல் எந்தக் கருவி இருக்கிறது என்று பாராமல் வீட்டுக்கு ஒரு கட்டணம் வசூலிக்கிறார்கள். அரசின் வாழ்வாதார உதவி பெறுவோர் விலக்குக் கோரலாம். ஃபின்லாந்து அதே ஆண்டில் ஒரு படி மேலே போய், வருமானத்துக்கேற்ற தனி வரியாக, உச்சவரம்புடன் அதை அமைத்தது. இந்த ஃபின்லாந்து வழியே எனக்குச் சரியாகப் படுகிறது. பிபிசி இயங்குவதற்கு அடிப்படையான அரச சாசனம் 2027 இறுதியில் முடிவதால், பிரிட்டன் இதைத் தீர்மானிக்க வேண்டிய நேரமும் நெருங்கிவிட்டது.