80 சதவீத அடைப்பு: ஸ்டென்ட் வைக்காமல் காத்திருக்கலாமா?

தண்டையார்பேட்டை வாசகர் ஒருவரின் கேள்வி: "துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் அப்பாவுக்கு வயது 61. சைக்கிளில் மேம்பாலம் ஏறும்போது நெஞ்சை அழுத்துகிறது. இறங்கி நின்றால் மூன்று நிமிடத்தில் விட்டுவிடுகிறது. ஆஞ்சியோவில் இதயத்தின் ஒரு ரத்தக் குழாயில் 80 சதவீதம் அடைப்பு. மாத்திரையில் பார்க்கலாம் என்கிறார் மருத்துவர். உடனே ஸ்டென்ட் (குழாயை விரித்து வைக்கும் சிறு கம்பிவலை) வைக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து என்கிறார்கள் உறவினர்கள். யார் சொல்வதைக் கேட்பது?"

மருத்துவர் சொல்வதையே கேளுங்கள், அவர் தட்டிக்கழிக்கவில்லை. ஓடியாடும்போது வந்து, நின்றால் அடங்கும் இத்தகைய வலியைப் பற்றிய 'இஸ்கீமியா' ஆய்வு 2020-இல் வெளியானது. இந்தியா உட்பட 37 நாடுகளில் 5,179 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மாத்திரைகளோடு ஸ்டென்ட் அல்லது பைபாஸ் வரை போனார்கள். மற்றவர்களுக்கு மாத்திரை மட்டும், அதற்குக் கட்டுப்படாதபோதே மேல்சிகிச்சை. மூன்று ஆண்டுகளுக்குச் சற்று மேலாகக் கவனித்ததில் முதல் பிரிவில் இறந்தவர்கள் 145 பேர், இரண்டாவதில் 144 பேர்.

இது பலருக்கு நம்பும்படி இருக்காது. அடைப்பு என்றதும் மெட்ரோ வாட்டர் குழாயில் கசடு சேர்ந்து தண்ணீர் நின்றுபோவதுதான் மனத்தில் வருகிறது. மாரடைப்பு பெரும்பாலும் அப்படி வருவதில்லை: குழாய்ச் சுவருக்குள் தங்கிய கொழுப்புப் படிவம் திடீரென்று வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து வழியை மூடிவிடுகிறது, அது 80 சதவீதம் குறுகிய இடமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, 40 சதவீத இடமாகவும் இருக்கலாம். ஸ்டென்ட் ஓரிடத்தைத் திறக்கிறது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையோ எல்லாக் குழாய்களிலும் உள்ள படிவங்களை வெடிக்காதபடி இறுக்குகிறது. ஆனாலும் நெஞ்சழுத்தம் குறைவதில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கே பலன் அதிகம் என்று அதே ஆய்வு காட்டியது; மாத்திரை எடுத்தும் உங்கள் தந்தையால் பாலம் ஏற முடியவில்லை என்றால், அது ஸ்டென்ட்டுக்குப் போதுமான காரணமே.

இன்னொன்று, இதயத்தின் பெரும்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் இடது பிரதான தமனியில் அடைப்பு உள்ளவர்களையும், இதயத்தின் பம்ப் செய்யும் திறன் 35 சதவீதத்துக்குக் கீழே போனவர்களையும் அந்த ஆய்வில் சேர்க்கவில்லை; அதன் முடிவை அவர்களுக்குப் பொருத்திப் பார்க்க முடியாது. எக்கோ, ஆஞ்சியோ அறிக்கைகளைக் கையில் வைத்துக்கொண்டு இவ்விரண்டையும் கேட்டுத் தெளிவுபெறுங்கள்.

மாரடைப்பே வந்துவிட்டால் கணக்கு வேறு. அங்கே காத்திருப்புக்கு இடமில்லை. 17,187 பேரிடம் நடந்து 1988-இல் வெளியான 'ஐசிஸ்-2' ஆய்வில், ஆஸ்பிரினும் உறைவைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸும் சேர்ந்து இறப்பை 42 சதவீதம் குறைத்தன. இன்று உடனடி ஆஞ்சியோபிளாஸ்டி (பலூனால் அடைப்பைத் திறப்பது) அதைவிட மேலானது. உட்கார்ந்திருக்கும்போதே அழுத்தம் வந்தாலோ, நாக்குக்கு அடியில், ரத்தக் குழாயை விரிக்கும் சார்பிட்ரேட் மாத்திரை ஒன்றை வைத்து ஐந்து நிமிடமாகியும் விடாவிட்டாலோ, 'கேஸ்' என்று சோடா வாங்கிக் கொடுத்துக்கொண்டிராமல் 108-ஐ அழையுங்கள்.

சார்பிட்ரேட் மாத்திரையை நின்றபடி வைக்கக் கூடாது. ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். ஆண்மைக் குறைவுக்கு மாத்திரை எடுப்பவர் அதைத் தொடவே கூடாது என்பதால், அப்படி ஏதேனும் இருந்தால் அப்பா கூச்சப்படாமல் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.