செல் அட்ரஸ் தானா மாறணும், என்ன பண்றது? எக்ஸெல் கேள்வி பதில்

பனியன் கம்பெனில 14 வருஷமா கணக்கு பாக்குறேன், எக்ஸெல்ல தெரிஞ்சத சொல்றேன். ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடுறேன், ஃபார்முலாவெல்லாம் இங்க தமிழ்லயே அடிக்கிறேன், ஃபோன்ல கீபோர்ட மாத்தி மாத்தி அடிக்க நமக்கு பொறுமை இல்ல. ஷீட்ல போடும்போது இங்கிலீஷ்ல போட்டுக்கோங்க.

கேள்வி (ஸ்கூல் டீச்சர்): அக்கா, அட்டெண்டன்ஸ் ஷீட் ஜூன்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் மாசத்துக்கு ஒண்ணு இருக்கு. எல்லா ஷீட்லயும் மொத்தம் ஏஹெச்40ல வரும். முதல் ஷீட்ல பி1ல மாசத்து பேர மாத்துனா அந்த மாசத்து மொத்தம் வரணும். பி1!ஏஹெச்40ன்னு போட்டா வேலை செய்யல.

செய்யாது டீச்சர். ஆச்சரியக்குறிக்கு முன்னாடி என்ன போட்டாலும் அது ஷீட்டோட பேருன்னுதான் எக்ஸெல் எடுத்துக்கும், பி1க்குள்ள போய் பாக்காது. அதுக்குத்தான் இன்டைரக்ட். நீங்க எழுத்தா குடுக்குற அட்ரஸ படிச்சு அந்த செல்லுக்கு போய் எடுத்துட்டு வரும்:

=இன்டைரக்ட்("'"&பி1&"'!ஏஹெச்40")

ரெண்டு இடத்துலயும் டபுள் கோட்டுக்குள்ள ஒத்தை கோட் ஒண்ணு ஒளிஞ்சிருக்கு பாருங்க, அத விட்டுடாதீங்க. ஷீட் பேர்ல நடுவுல இடம் இருந்தா, அதாவது "ஜூன் 2024" மாதிரி வச்சிருந்தா, அது இல்லாம ஓடாது. இடமே இல்லாட்டியும் போட்டு வைங்க, நஷ்டம் ஒண்ணுமில்ல. பி1ல டேட்டா வேலிடேஷன்ல ஒரு டிராப்டவுன் (தேர்ந்தெடுக்குற லிஸ்ட்) வச்சிட்டா மாசத்த தப்பா அடிக்கிற தொல்லையும் போச்சு.

கேள்வி: டாலர் குறி போடுறதும் இதுவும் ஒண்ணுதானே?

இல்லங்க. டாலர் போட்டா காப்பி பண்ணி இழுக்கும்போது நகராது, அவ்வளவுதான் (எஃப்4 தட்டுனா தானா விழும்). $பி$2ன்னு போட்டிருந்தாலும் மேல ஒரு ரோ சொருகுனீங்கன்னா அது $பி$3 ஆயிடும். எத சொருகுனாலும் ரெண்டாவது ரோதான் வேணும்னா இன்டெக்ஸ்(பி:பி,2)ன்னு போடுங்க, பி-ல ரெண்டாவது ரோன்னு அர்த்தம்.

கேள்வி: இன்டைரக்ட் இவ்வளவு நல்லா இருக்கே, அப்புறம் ஏன் விவரம் தெரிஞ்சவங்க எல்லாம் அத தொடாதன்னு சொல்றாங்க?

மெட்ராஸ்ல வீட்டு வாசல்ல பழைய நம்பர், புது நம்பர்னு ரெண்டு போட்டிருப்பாங்கல்ல, அந்த கதைதான். சாதாரண ரெஃபரன்ஸ் ஆளத் தெரிஞ்ச மாதிரி, அவர் வீடு மாத்துனா கூடவே போகும். இன்டைரக்ட் சீட்டுல எழுதுன கதவு நம்பர், உள்ள வேற ஆள் குடிவந்தாலும் அதே கதவத்தான் தட்டும்.

இத நான் பட்டு தெரிஞ்சுகிட்டேன். முன்னாடி வேலை பாத்த ஒரு இடத்துல சம்பள ஷீட்ல ஓவர்டைம் எஃப் காலம்ல (மேலிருந்து கீழ போற வரிசைல) இருந்துச்சு, நான் சம்மரி ஷீட்ல மாசத்துக்கு மாசம் இன்டைரக்ட் வச்சு எஃப்ல இருந்து எடுத்துட்டு இருந்தேன், நடுவுல யாரோ பிஎஃப்புக்கு ஒரு காலம் சொருகிட்டாங்க, ஓவர்டைம் ஜி-க்கு போயிடுச்சு, என் ஃபார்முலா பாட்டுக்கு பிஎஃப் தொகைய ஓவர்டைம்னு காட்டிட்டு இருக்கு. எர்ரர் வந்திருந்தா கூட பரவால்ல, அங்கயும் நம்பர்தானே இருக்கு, அதனால யாருக்கும் சந்தேகமே வரல. சம்பளம் போட்டப்புறம் கட்டிங்ல இருந்த ஒரு அண்ணன் வந்து நின்னப்பதான் தெரிஞ்சுது.

இன்னொண்ணு, ஷீட்ல எங்க ஒரு செல்ல மாத்துனாலும் இன்டைரக்ட் எல்லாம் மறுபடி முதல்ல இருந்து கணக்கு போடும். பத்து இருபது இருந்தா தெரியாது, ஆயிரக்கணக்குல இழுத்து விட்டீங்கன்னா ஒவ்வொரு என்டருக்கும் சுத்திட்டு நிக்கும். ஆஃப்செட்டும் (ஒரு செல்லுல இருந்து இத்தனை ரோ, காலம் தள்ளி எடுக்குறது) இதே ரகம்தான். அப்புறம் வேற ஃபைல்ல இருந்து எடுக்குறீங்கன்னா அந்த ஃபைல் திறந்திருக்கணும், மூடுனா #ரெஃப்!னு (அட்ரஸ் கிடைக்கலன்னு) எர்ரர் வந்துடும்.

என் வழக்கம் என்னன்னா, ஷீட் பேரே மாறணும்னா மட்டும் இன்டைரக்ட், ஒரே ஷீட்டுக்குள்ள ரோ, காலம் மாறணும்னா இன்டெக்ஸ். டீச்சர் கூட எல்லா மாசத்தையும் ஒரே ஷீட்ல போட்டு மாசத்து பேர எழுத தனியா ஒரு காலம் வச்சு சம்இஃப்ஸ் (கேட்ட மாசத்த மட்டும் கூட்டுற ஃபார்முலா) போட்டிருந்தா இந்த பாடே இல்ல, ஆனா ரிஜிஸ்டர் பழக்கம் விடாதே!

கேள்வி (மளிகைக்கடை): தினமும் சி காலம்ல விற்பனை ஏத்துறேன். மொத்தம் தானா நீளணும், அதோட கடைசி 7 நாள் தனியா வேணும். ஆஃப்செட் போட சொன்னாங்க.

ஆஃப்செட் வேணாம் அண்ணாச்சி. மொத்தத்துக்கு கன்ட்ரோல்+டி (டேபிளோட முதல் எழுத்து) அடிச்சு டேபிளாக்கிடுங்க, டேபிளுக்கு சேல்ஸ்னு பேரும் சி காலத்துக்கு அமௌன்ட்னு தலைப்பும் வச்சா =சம்(சேல்ஸ்[அமௌன்ட்]) போதும், கீழ ஏத்த ஏத்த அதுவே நீண்டுக்கும்.

கடைசி 7க்கு முதல்ல கடைசி ரோ எதுன்னு கண்டுபிடிக்கணும். ஹெச்1ல =மேட்ச்(10^15,சி:சி)ன்னு போடுங்க. அவ்வளவு பெரிய நம்பர் உங்க கடைல இருக்காது (இருந்தா எனக்கும் சொல்லுங்க), தேடிப்போய் கிடைக்காம கடைசியா நம்பர் இருக்குற ரோல நின்னுக்கும். கவுன்ட்ஏவும் (காலியா இல்லாத செல்ல எண்ணுறது) போடலாம், ஆனா கடை லீவுன்னு ஒரு நாள் காலியா விட்டீங்கன்னா எண்ணிக்கை குறைஞ்சிடும். அப்புறம்:

=சம்(இன்டெக்ஸ்(சி:சி,ஹெச்1-6):இன்டெக்ஸ்(சி:சி,ஹெச்1))

நடுவுல அந்த கோலன பாருங்க. இன்டெக்ஸ் வெறும் மதிப்ப மட்டும் குடுக்கல, செல்லையே குடுக்குது, அதனாலதான் ரெண்டு இன்டெக்ஸுக்கு நடுவுல கோலன் போட்டு ரேஞ்ச் ஆக்க முடியுது. நிறைய பேருக்கு இது தெரியாது. இந்த ஃபார்முலாவ சி காலத்துக்குள்ளயே போட்டுடாதீங்க, தன்னையே சுத்தும். லீவு நாள காலியா விட்டா அதுவும் 7ல ஒண்ணா சேரும், அது உங்க இஷ்டம்.

கேள்வி: மாவட்டம் தேர்ந்தெடுத்தா அதோட தாலுகா மட்டும் அடுத்த டிராப்டவுன்ல வரணும். மத்ததெல்லாம் வருது, தி நீலகிரிஸ் மட்டும் வரல.

பேருக்கு நடுவுல இடம் இருக்குல்ல, அதான். தாலுகா ரேஞ்சுக்கு மாவட்டத்து பேரத்தானே வைக்கணும், அந்த பேர்ல இடம் இருக்கக் கூடாது. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர், குந்தான்னு ஆறையும் வச்சிருக்கீங்கல்ல, அந்த ரேஞ்சுக்கு நடுவுல அடிக்கோடு போட்டு பேர் வைங்க, வேலிடேஷன்ல =இன்டைரக்ட்(சப்ஸ்டிட்யூட்(ஏ2," ","_"))ன்னு குடுங்க, ஏ2ல இருக்குற மாவட்டத்து பேர்ல இடத்த அடிக்கோடா மாத்திக்கும். அந்த ரேஞ்ச் பேர ஆஃப்செட் வச்சு நீளுற மாதிரி பண்ணாதீங்க, இன்டைரக்ட்டுக்கு அது புரியாது.

கேள்வி: கூகுள் ஷீட்ஸ்ல வேற ஃபைல்ல இருந்து எடுக்க இம்போர்ட்ரேஞ்சுக்குள்ள இன்டைரக்ட் போடணுமா?

தேவையில்ல. இம்போர்ட்ரேஞ்ச் ரேஞ்ச எழுத்தாத்தான் கேக்குது, பி1&"!ஏ1:டி50"ன்னு அப்படியே ஒட்டிக் குடுங்க. முதல் தடவை அனுமதி கேக்கும், குடுத்துடுங்க.

கேள்வி: எங்க ஆபீஸ்ல எக்ஸெல் 2016தான், எக்ஸ்லுக்கப் (தேடி எடுக்குற புது ஃபார்முலா) இல்ல. நூல் கவுண்ட் (நூலோட தடிமன் நம்பர்) ஏ காலம்ல கீழ்வாக்குல இருக்கு, கலர் மேல முதல் ரோல இருக்கு, ரெண்டும் சேர்ற இடத்துல ரேட் எடுக்கணும்.

நம்ம ஊரு கேள்வி! =இன்டெக்ஸ்(பி2:ஜி20,மேட்ச்(ஜே1,ஏ2:ஏ20,0),மேட்ச்(ஜே2,பி1:ஜி1,0)). ஜே1ல கவுண்ட், ஜே2ல கலர். அந்த 0வ விட்டா சரியா அதே பேர தேடாம கிட்டத்துல எதையாவது புடிச்சிட்டு வந்து நிக்கும், பல தடவை எர்ரரும் காட்டாது. 30ஸ் கவுண்ட் இருக்கு, ஆனா வரலன்னா ஒரு பக்கம் 30 நம்பராவும் இன்னொரு பக்கம் எழுத்தாவும் இருக்கும், அத பாருங்க.

கேள்வி (மறுபடி டீச்சர்): அக்கா, ஜூன் ஜூலை எல்லாம் வருது, ஆகஸ்ட் மட்டும் #ரெஃப்!

ஃபார்முலா பார்ல இன்டைரக்ட்டோட பிராக்கெட்டுக்குள்ள இருக்குறத மட்டும் செலக்ட் பண்ணி எஃப்9 தட்டுங்க, எந்த அட்ரஸ்னு எழுத்தா காட்டும். பாத்துட்டு எஸ்கேப் அடிங்க, என்டர் அடிச்சா அதுவே பதிஞ்சிடும். அட்ரஸ் சரியா இருந்தா ஆகஸ்ட் ஷீட்டோட டேபுல டபுள் கிளிக் பண்ணி என்ட் கீய தட்டுங்க, கர்சர் பேர ஒட்டி நிக்குதா தள்ளி நிக்குதா?

டீச்சர்: தள்ளி நிக்குதுக்கா. ஸ்பேஸ் ஒண்ணு இருந்துச்சு, எடுத்துட்டேன், வந்துடுச்சு.