நடு மேன்ஹோலின் மட்டம் தெரியாதபோது குழாயின் வாட்டத்தைக் கணிப்பது எப்படி?

மேலப்பாளையத்து வாசகர் ஒருவரின் கேள்வி இது: அவர் தெருவில் 150 மி.மீ. கழிவுநீர்க் குழாய் அடிக்கடி அடைத்துக்கொள்கிறது. 84 மீட்டர் நீளத்தில் மூன்று மேன்ஹோல்கள் உள்ளன; சரிபாதியில் இருப்பது தார்ச்சாலைக்கு அடியில் புதைந்துவிட்டது, பழைய வரைபடத்திலும் அதன் மட்டம் இல்லை. கைபேசி வரைபடம் காட்டும் உயரத்தைக் கொண்டு வாட்டத்தை, அதாவது குழாய் இறங்கும் சரிவை, கணிக்கலாமா?

கூடாது. செயற்கைக்கோள் வழியாகக் கிடைக்கும் உயரத்தில் சில மீட்டர் வரை பிழை இருக்கக்கூடும். இங்கே வேண்டியது சென்டிமீட்டர் கணக்கு. சாலையின் சரிவும் உதவாது. தாமிரபரணிப் பாசன வயல்களை மண்ணடித்து மனைகளாக்கிய இடங்களில், தரை ஒரு பக்கம் சாய்ந்திருக்க, குழாய் மறுபக்கம் இறங்குவதுண்டு. மடைத்தண்ணீர் முன்பு எப்படிப் பாய்ந்தது என்று பெரியவர்களிடம் கேட்டால் திசை தெரியும், அளவு தெரியாது.

திறக்கக்கூடிய இரு மேன்ஹோல்களின் விளிம்புகளையும் ஆட்டோ லெவல் என்னும் மட்டம் பார்க்கும் தொலைநோக்கிக் கருவியாலோ, தண்ணீர் நிரப்பிக் காற்றுக்குமிழி நீக்கிய டியூப் மட்டத்தாலோ ஒப்பிட்டு, அங்கிருந்து குழாயின் அடிவரை அளவுகோலை இறக்கிப் பாருங்கள். கோல் சேற்றின்மேல் நின்றுவிட்டால் கணக்கு முழுவதும் தவறும். விஷவாயு இருக்கும் என்பதால் எக்காரணம் கொண்டும் ஆளை உள்ளே இறக்கக் கூடாது.

மேல் மேன்ஹோலின் விளிம்பை 100.00 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். குழாயின் அடி அதற்கு 1.10 மீட்டர் கீழே, அதாவது 98.90இல் உள்ளது, கடைசி மேன்ஹோலில் அது 98.30. எனவே 84 மீட்டருக்கு 60 செ.மீ. இறக்கம், 1க்கு 140 (140 மீட்டருக்கு 1 மீட்டர் இறக்கம்). இது சராசரி மட்டுமே. குழாய் நிறைந்தோ பாதியளவிலோ ஓடும்போது, கசடு படியாதிருக்கத் தேவையான நொடிக்கு 0.6 மீட்டர் வேகம் கிடைக்க, இந்த விட்டத்துக்கு ஏறத்தாழ 1க்கு 200 வாட்டம் வேண்டும். 42 மீட்டருக்கு அது 21 செ.மீ. ஆகவே நடு மேன்ஹோலில் குழாயின் அடி 98.51க்கும் 98.69க்கும் இடையில் இருந்தால்தான் இரண்டு பகுதிகளும் தேறும். 98.60 என்று நேர்கோடு போட்டுத் திருப்தியடைவதைவிட, தெரியாத மட்டத்துக்கு இப்படி எல்லை கட்டுவதே என் பரிந்துரை. தாங்கக்கூடிய பிழை 9 செ.மீ.தான் என்பது அப்போது தெரிந்துவிடும்.

அந்த 9 செ.மீ.யை ஊகத்துக்கு விட முடியாது என்பதால், மாநகராட்சியின் அனுமதி பெற்று நடு மூடியைத் திறப்பதே முறை. இரும்பு மூடியாயின் மெட்டல் டிடெக்டர் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். அங்கே 98.40 என்று வந்தால் கீழ்ப்பகுதியின் வாட்டம் 1க்கு 420. எத்தனை முறை கம்பி விட்டாலும் கசடு மீண்டும் படியும், அப்பகுதியைத் தோண்டி மாற்றிப் பதிக்கத்தான் வேண்டும். எல்லைக்குள் அமைந்தால் வாட்டத்தைக் குறைசொல்லாமல், ஒரு மேன்ஹோலில் விளக்கும் அடுத்ததில் கண்ணாடியும் பிடித்து, இடையில் குழாய் தொய்ந்திருக்கிறதா, வேர் நுழைந்திருக்கிறதா என்று பாருங்கள்.