உரிமம் உள்ள துப்பாக்கி வைத்திருந்தவரை அமெரிக்கப் போலீஸ் சுட்டால், அவருடைய துப்பாக்கி உரிமை என்ன ஆகிறது?

கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அரசியலமைப்பு கொடுத்த உரிமைப்படி துப்பாக்கி வைத்திருந்தவரைச் சுட்ட போலீஸ்காரர் எப்படித் தப்பிக்கிறார் என்பது ஒன்று. துப்பாக்கி உரிமைக்காக ஓயாமல் குரல் கொடுக்கும் சங்கங்கள் அந்த நேரத்தில் எங்கே போகின்றன என்பது இன்னொன்று.

முதல் கேள்விக்கான பதில், இரண்டு சட்டங்கள் ஒன்றையொன்று பார்க்காமலேயே வளர்ந்ததில் இருக்கிறது. துப்பாக்கி பக்கம் எல்லோருக்கும் தெரிந்தது. 2008-இல் ஹெல்லர் வழக்கில், தற்காப்புக்காக வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. (வழக்குப் போட்ட டிக் ஹெல்லர் ஒரு காவலர். வேலை நேரத்தில் இடுப்பில் துப்பாக்கியோடு அரசுக் கட்டடத்தைக் காத்துவிட்டு, வீட்டுக்கு மட்டும் வெறுங்கையோடு போக வேண்டியிருந்தவர்.) 2010-இல் சிகாகோவைச் சேர்ந்த மெக்டொனால்ட் வழக்கு அந்த உரிமையை மாநிலங்களுக்கும் விரித்தது. 2022-இல் புரூவன் வழக்கு, வீட்டுக்கு வெளியே எடுத்துச் செல்வதும் உரிமைதான் என்றது. இன்று பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் மறைத்து எடுத்துச் செல்ல உரிமமே தேவையில்லை.

போலீஸ் பக்கச் சட்டம் வேறு. அதன் அடித்தளம் 1989-ஆம் ஆண்டின் கிரஹாம் வழக்கு. சர்க்கரை இறங்கியதால் ஆரஞ்சு ஜூஸ் வாங்கக் கடைக்குள் போன ஒருவர், வரிசை நீளமாக இருந்ததைப் பார்த்துவிட்டு உடனே வெளியே வந்தார். திருடிவிட்டு ஓடுகிறார் என்று நினைத்த போலீஸ் அவரை மடக்கியது. அந்தப் பிடியில் அவருடைய கால் எலும்பு முறிந்தது. அந்த வழக்கில் பிறந்த விதி இதுதான்: போலீஸ் பயன்படுத்திய பலம் சரியா தவறா என்பதை, சம்பவ இடத்தில் இருந்த நியாயமான ஒரு அதிகாரியின் கண்ணால் பார்க்க வேண்டும், பின்னால் தெரிந்த உண்மைகளை வைத்து எடைபோடக் கூடாது. எதிரில் இருப்பவரிடம் துப்பாக்கி இருந்தால், அதிகாரியின் பயம் நியாயமானது என்று ஜூரியை நம்பவைப்பது பெரிய வேலையில்லை. துப்பாக்கி வைத்திருப்பது உங்கள் உரிமை. அதுவே அவருடைய பயத்துக்குச் சாட்சியமும் ஆகிவிடுகிறது. சிக்கல் மொத்தமும் இந்த முடிச்சில்தான்.

2016 ஜூலை 6 அன்று மினசோட்டாவின் ஃபால்கன் ஹைட்ஸில் நடந்ததைப் பாருங்கள். ஃபிலாண்டோ காஸ்டில், 32 வயது, பள்ளி உணவகத்தில் மேற்பார்வையாளர். காரின் பின்விளக்கு எரியவில்லை என்று நிறுத்தினார்கள். லைசென்ஸும் இன்சூரன்ஸும் கேட்டார் அதிகாரி. இன்சூரன்ஸ் அட்டையைக் கொடுத்த காஸ்டில், தன்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்பதைத் தானாகவே மரியாதையாகச் சொன்னார். ‘அப்படியானால் அதை எடுக்காதே’ என்றார் அதிகாரி. எடுக்கவில்லை என்று காஸ்டில் சொன்னார், பக்கத்தில் இருந்த தோழியும் சொன்னார். சில நொடிகளில் ஏழு குண்டுகள். பின்சீட்டில் நான்கு வயதுக் குழந்தை. இங்கே கவனிக்க வேண்டியது உத்தரவுகளின் வரிசை. ‘லைசென்ஸ் எடு’ என்ற முதல் உத்தரவு நிலுவையில் இருக்கும்போதே ‘அதை எடுக்காதே’ என்ற இரண்டாவது உத்தரவு வருகிறது. எதை எடுக்கக் கூடாது, கை எங்கே இருக்க வேண்டும் என்று தெளிவாக எதுவும் சொல்லப்படவில்லை. இன்னொன்று, மினசோட்டா சட்டப்படி போலீஸ் கேட்டால் மட்டுமே துப்பாக்கி இருப்பதைச் சொல்ல வேண்டும். காஸ்டில் சட்டம் கேட்டதைவிட அதிகமாகவே செய்தார். 2017 ஜூனில் ஜூரி அந்த அதிகாரியை விடுவித்தது.

வீட்டுக்குள் நிலைமை இன்னும் மோசம். தட்டாமல் கதவை உடைத்து நுழைய நீதிபதி அனுமதிக்கும் ‘நோ-நாக்’ வாரண்ட் ஒரு வகை. தட்டி, போலீஸ் என்று அறிவித்துவிட்டு நுழைவது இன்னொரு வகை. காகிதத்தில் இருக்கும் இந்த வித்தியாசம் நள்ளிரவில் கரைந்துவிடும். 2003-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று, தட்டிய பிறகு 15 முதல் 20 நொடி காத்திருந்தாலே போதும் என்றது. தூங்கிக்கொண்டிருப்பவர் எழுந்து, விளக்கைப் போட்டு, கதவுக்கு வருவதற்கு அந்த நேரம் போதுமா? 2006-இல் ஹட்சன் வழக்கு, அறிவிக்காமல் நுழைந்தாலும் கிடைத்த ஆதாரத்தைத் தள்ள வேண்டியதில்லை என்றது. விதியை மீறினால் வழக்கு தோற்கும் என்ற பயம் அதோடு போய்விட்டது.

2020 மார்ச் 13 அன்று நள்ளிரவு தாண்டி கென்டக்கி மாநிலத்தின் லூயிவில்லில் பிரியானா டெய்லரின் கதவு உடைக்கப்பட்டது. உள்ளே இருந்த கென்னத் வாக்கர், உரிமையோடு வைத்திருந்த துப்பாக்கியால் ஒரே ஒரு முறை சுட்டார். அது ஓர் அதிகாரியின் தொடையில் பாய்ந்தது. போலீஸ் 32 முறை சுட்டது, டெய்லர் இறந்தார். வாக்கர் அவசர உதவி எண்ணான 911-க்குப் போன் செய்து, யாரோ கதவை உடைத்து என் தோழியைச் சுட்டுவிட்டார்கள் என்று கதறினார். வந்தது போலீஸ் என்று தெரிந்து சுட்டவர் போலீஸையே உதவிக்குக் கூப்பிடுவாரா? ஆனால் கைதானது அவர்தான், அதுவும் அதிகாரியைக் கொல்ல முயன்றதாக. கென்டக்கியின் வீட்டுத் தற்காப்புச் சட்டம், நுழைந்தவர் போலீஸ் என்று தெரிந்திருந்தால் பாதுகாப்புத் தராது. ஆகவே ‘போலீஸ்’ என்ற ஒரு கூவல் அவர் காதில் விழுந்ததா இல்லையா என்பதுதான் அந்த ஒரு குண்டைத் தற்காப்பா, கொலைமுயற்சியா என்று பிரித்தது. வழக்கு 2020 மே மாதம் கைவிடப்பட்டு, 2021 மார்ச்சில் மறுபடி தொடுக்க முடியாதபடி தள்ளுபடியானது. வாரண்ட் வாங்கக் கொடுத்த சத்தியப் பிரமாணத்திலேயே பொய் இருந்ததை 2022-இல் ஒரு போலீஸ் துப்பறிவாளர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

அமீர் லாக் விஷயம் இன்னும் குறுகிய நேரத்தில் முடிந்தது. 2022 பிப்ரவரி 2, மினியாபொலிஸ், காலை ஏழு மணிக்கு முன். சாவி போட்டுக் கதவைத் திறந்த போலீஸ் குழு கத்திக்கொண்டே நுழைகிறது. ஒருவர் சோபாவை உதைக்கிறார். போர்வைக்குள் இருந்து 22 வயது இளைஞர் புரண்டு எழுகிறார், கையில் துப்பாக்கி. நுழைந்த பத்து நொடிக்குள் அவர் சுடப்பட்டார். வாரண்டில் அவர் பெயரே கிடையாது. யார் மீதும் குற்றச்சாட்டு வரவில்லை. நிறம் இதில் எவ்வளவு தூரம் புகுகிறது என்பதற்கு டெக்சாஸின் இரண்டு வழக்குகள் போதும். ஐந்து மாத இடைவெளியில், அதிகாலைச் சோதனைக்கு வந்த போலீஸ்காரரைச் சுட்டுக் கொன்ற இருவரும், திருடர்கள் என்று நினைத்தோம் என்றே சொன்னார்கள். வெள்ளையர் மீது கொலைக்குற்றம் சாட்டவே கிராண்ட் ஜூரி மறுத்தது. கறுப்பர் ஒன்பது ஆண்டு விசாரணைக் கைதியாக இருந்து, 2023-இல் ஆயுள் தண்டனை பெற்றார். இரண்டு வழக்கும் அச்சு அசல் ஒன்றல்ல. ஆனாலும் அந்த வித்தியாசம் எனக்கு உறுத்துகிறது.

‘கையில் துப்பாக்கி இருந்தது’ என்ற வாக்கியம் இவ்வளவு தூரம் காப்பாற்றும் என்றால், இல்லாத துப்பாக்கியை வைக்கவும் ஆசை வரும். பால்டிமோரில் சட்டவிரோதத் துப்பாக்கிகளைப் பிடிக்க அமைத்த தனிப்படையில் இருந்தவர்கள், சிக்கலில் மாட்டினால் பக்கத்தில் போட்டுவிட பொம்மைத் துப்பாக்கிகளை வண்டியில் வைத்திருந்தது 2018 விசாரணையில் வெளிவந்தது. அந்தப் படையின் சார்ஜெண்ட் வழிப்பறி, மோசடிக் குற்றங்களுக்காக 25 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

இனி சங்கங்கள். தேசிய ரைஃபிள் சங்கம் காஸ்டில் இறந்து இரண்டு நாள் கழித்து, அவர் பெயரைச் சொல்லாமல், செய்திகள் கவலை தருகின்றன, விசாரணை நடக்கட்டும் என்று ஓர் அறிக்கை விட்டது. விசாரணை முடிந்து அதிகாரிக்கு விடுதலை வந்தபோது உரத்த குரல் எதுவும் இல்லை. பின்னர் அதன் செய்தித் தொடர்பாளர், காரில் கஞ்சா இருந்ததால் அவர் துப்பாக்கி வைத்திருந்ததே சட்டப்படி செல்லாது என்ற வாதத்துக்குப் போனார். கூட்டாட்சிச் சட்டத்தில் அப்படி ஒரு தடை இருப்பது உண்மைதான். ஆனால் சுட்ட நொடியில் அதிகாரிக்கு முன்னால் இருந்த கேள்வி அதுவல்லவே. 1960 முதல் போலீஸ் பயிற்றுநர்களுக்குச் சான்றிதழ் தரும் அமைப்பு இந்தச் சங்கம். அதன் உறுப்பினர்களில் போலீஸ்காரர்கள் ஏராளம். மௌனத்துக்கு அது ஒரு பெரிய காரணம். இதே சங்கம் 1995-இல், கூட்டாட்சி அதிகாரிகளின் முற்றுகையில் உயிர்கள் பலியான ரூபி ரிட்ஜ், வேகோ சம்பவங்களுக்குப் பிறகு, கூட்டாட்சி அதிகாரிகளைப் பூட்ஸ்கால் ரவுடிகள் என்ற பொருளில் திட்டி நன்கொடைக் கடிதம் அனுப்பியது. அதைக் கண்டித்து மூத்த ஜார்ஜ் புஷ் தன் ஆயுள் உறுப்பினர் பதவியையே தூக்கி எறிந்தார். ஆக, அரசாங்கத் துப்பாக்கியைக் கண்டிக்க அவர்களுக்குத் தெரியாமல் இல்லை.

எல்லோரும் அப்படியல்ல. லாக் இறந்ததும் மினசோட்டா கன் ஓனர்ஸ் காகஸ் தயங்காமல் பேசியது: குழப்பத்தில் விழித்த எவரும் செய்யக்கூடியதைத்தான் அவர் செய்தார் என்றது. 2015-இல் தொடங்கிய தேசிய ஆப்பிரிக்க அமெரிக்கத் துப்பாக்கிச் சங்கம் வளர்ந்ததற்கும் இந்த வெற்றிடம் ஒரு காரணம். சரித்திரமும் இதையே சொல்கிறது. 1967-இல் கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் குண்டு நிரப்பிய துப்பாக்கியும் சட்டப் புத்தகமுமாகப் போலீஸைப் பின்தொடர்ந்து கண்காணித்தது, கறுப்பர் உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் கட்சி. அதை நிறுத்தத்தான், குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு பொது இடத்தில் நடமாடுவதைத் தடுக்கும் மல்ஃபோர்ட் சட்டம் வந்தது. கையெழுத்திட்டவர் அப்போது அந்த மாநில ஆளுநராக இருந்த ரொனால்ட் ரீகன். துப்பாக்கி உரிமையை மனதாரப் பேசுகிறவர் நோ-நாக் வாரண்டையும் போலீஸுக்கு உள்ள வழக்குப் பாதுகாப்பையும் எதிர்த்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எதிரில் நிற்கும் போலீஸ்காரர் மதிக்காத உரிமை, இடுப்பில் இருந்தும் பயனில்லை.

வழக்குப் பாதுகாப்பு என்றேன். அதன் பெயர் ‘குவாலிஃபைட் இம்யூனிட்டி’. 1871-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த செக்‌ஷன் 1983-இன் கீழ் (இது ஆண்டல்ல, பிரிவு எண்) அதிகாரி மீது நஷ்டஈட்டு வழக்குப் போடலாம். ஆனால் ஏறக்குறைய இதே சூழ்நிலையில் இது தவறு என்று முன்பே ஒரு தீர்ப்பு தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். இல்லையென்றால் வழக்கு ஜூரியிடம் போகாமலே முடியும். கொலராடோ 2020-இல் மாநில நீதிமன்றங்களில் இந்தக் கேடயத்தை எடுத்துவிட்டது. மறு ஆண்டு நியூ மெக்சிகோ. 2025 மே மாதம் பார்ன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக, சுட்ட அந்த ஓரிரு நொடிகளை மட்டும் பார்க்கக் கூடாது, அதற்கு முன் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றது. இரட்டை உத்தரவுகளும் அவசர நுழைவும் இனி கணக்கில் வரும். போலீஸ்காரரே உண்டாக்கிய ஆபத்தை எப்படி எடைபோடுவது என்பதை மட்டும் முடிவு செய்யாமல் விட்டார்கள்.

அங்கே வாழும் நம்மவர்களுக்குச் சில நடைமுறைகள். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதே கூட்டாட்சிக் குற்றம். அதிகபட்சம் 15 ஆண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் முக்கியமான விலக்கு. கிரீன் கார்டுக்காரருக்கு இந்தத் தடை இல்லை. போலீஸ் நிறுத்தினால், ஊரில் செய்வதுபோல ஆர்.சி. புத்தகத்தோடு இறங்கி அவரிடம் நடந்து போகாதீர்கள். அங்கே அது தாக்க வருவதாகவே தெரியும். எஞ்சினை அணைத்து, இரவானால் உள்விளக்கைப் போட்டு, கண்ணாடியை இறக்கி, இரு கைகளையும் ஸ்டியரிங்கின் மேல் வையுங்கள். லைசென்ஸும் இன்சூரன்ஸும் துப்பாக்கி இருக்கும் பக்கத்துப் பாக்கெட்டிலோ குளோவ் பாக்ஸிலோ இருக்கக் கூடாது. சன் வைசரில் செருகி வைக்கலாம். துப்பாக்கி இருப்பதை மிச்சிகனில் கேட்காமலே உடனே சொல்ல வேண்டும். ஒஹையோவில் 2022 முதல் கேட்டால் சொன்னால் போதும். மாநில எல்லை தாண்டும் முன் இதைப் பாருங்கள். சொல்லும்போது ‘துப்பாக்கி’ என்று தொடங்காமல், எடுத்துச் செல்ல உரிமம் இருக்கிறது, இப்போது கொண்டுவந்திருக்கிறேன், கை எங்கே வைக்க வேண்டும் என்று கேளுங்கள். முரணான உத்தரவு வந்தால் எதையும் செய்யாமல், கையை அசைக்காமல், எது முதலில் என்று கேளுங்கள். போன் கையில் வேண்டாம், ஸ்டாண்டில் பதிவாகட்டும். 2018-இல் சாக்ரமெண்டோவில் கையில் போன் மட்டுமே வைத்திருந்தவரை நோக்கி இருபது முறை சுட்டார்கள்.

அத்துமீறல் நடந்தால் முதலில் பாடி கேமரா பதிவை எழுத்தில் கேளுங்கள். மினசோட்டாவில் சாதாரணப் பதிவுகளை 90 நாள்தான் கட்டாயமாக வைத்திருக்க வேண்டும். உங்கள் மீதே வழக்கு இருந்தால், வக்கீலிடம் பேசாமல் புகார் விசாரணையில் வாக்குமூலம் தராதீர்கள். அது உங்களுக்கு எதிராகத் திரும்பும். செக்‌ஷன் 1983 வழக்குப் போடக் காலக்கெடு கென்டக்கியில் ஒரு வருடம், டெக்சாஸிலும் கலிபோர்னியாவிலும் இரண்டு, நியூயார்க்கில் மூன்று. ஆனால் மாநிலச் சட்டப்படி நகராட்சி மீது வழக்கென்றால், நியூயார்க்கில் 90 நாளுக்குள் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும்.

போலீஸ் உங்கள் துப்பாக்கியை எடுத்துச் சென்றால், சீரியல் எண் எழுதிய ரசீது வாங்காமல் விடாதீர்கள். 2005-இல் கத்ரீனா புயலுக்குப் பிறகு நியூ ஆர்லியன்ஸ் போலீஸ் குடிமக்களின் சட்டப்படியான துப்பாக்கிகளைப் பறித்தது. அப்படி எதுவும் எங்களிடம் இல்லை என்று நகரம் மாதக்கணக்கில் சாதித்தது. 2006-இல்தான் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை கிடங்கில் இருப்பது ஒப்புக்கொள்ளப்பட்டது. மாடல், சீரியல் எண், வாங்கிய பில் இவற்றின் படங்கள் துப்பாக்கி இருக்கும் வீட்டில் மட்டும் இல்லாமல், வெளியே வேறோர் இடத்திலும் இருக்கட்டும்.